பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024: மந்திரங்களில் விளையாட எவ்வளவு இடம் இருக்கிறது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் திருத்திய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரில் வெளிவந்தது. 384 பக்கம், கெட்டி அட்டை, 12 கிளாஸ்கள் (பாத்திர வகைகள்), 391 மந்திரங்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். ஆக அமர்ந்து கதைச் சூழலைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிப் பகடை உருட்டும் இந்த விளையாட்டு 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தொடங்கிவைத்தது. அரை நூற்றாண்டு கடந்து வந்திருக்கும் இந்தப் பதிப்பைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தாலும், நான் மந்திரங்களைப் பற்றிய பகுதியை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஆறு பேர் தமிழிலேயே ஆடிவரும் ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில், ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

வாளுக்கு இருக்கும் வேலை ஒன்றுதான். மந்திரம் அப்படியல்ல. அது என்ன செய்யும் என்பதை நூல் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. எதற்காகச் செய்வது என்பதை ஆடுபவர் முடிவு செய்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் ஓர் ஆட்டக்காரரின் கற்பனை வேலை செய்கிறது. ஆகவே நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் மிக எளியது: ஒரு மந்திரத்தின் விவரிப்பு, அதை எழுதியவர் நினைத்துப்பார்த்திராத ஒரு பயனுக்கு நேர்மையாக இடம் கொடுக்கிறதா, அல்லது அதை அடைத்துவிடுகிறதா?

இந்த அளவுகோலின்படி பார்த்தால், நூலின் மிகச் சிறந்த மந்திரங்கள் மிகச் சிறிய மந்திரங்கள்தான். ஸ்லாட் (மந்திரம் போடுவதற்கான, எண்ணிக்கை வரம்புள்ள வாய்ப்பு) எதையும் செலவழிக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய கேன்ட்ரிப்புகளில் பிரெஸ்டிடிஜிடேஷன் என்று ஒன்று உண்டு. பத்தடி தூரத்துக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றலாம், அணைக்கலாம். ஒரு கன அடிக்கு மிகாத பொருளைச் சுத்தமாக்கலாம், அழுக்காக்கலாம். அதே அளவு உயிரற்ற பொருளை ஒரு மணி நேரத்துக்குச் சூடாகவோ குளிராகவோ வேறு சுவையுடையதாகவோ மாற்றலாம். ஒரு பரப்பில் ஒரு மணி நேரம் நிற்கும் சிறு குறியிடலாம். சண்டையில் இதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. நூலைப் புரட்டும் புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட தோழியை மீட்கப் போனவர்களில் விசார்டு, அதாவது மந்திரவாதி, ஆக ஆடியவரிடம் ஸ்லாட் ஒன்றுகூட மிச்சமில்லை. தண்ணீர் சுமப்பவன் வேடத்தில் சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். தளபதிக்கென்று தனியாக ஒரு சிறு பானையில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னதும், பானையின் கொள்ளளவு என்ன என்று கேட்டார். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அந்தப் பானை அதில் பாதிகூட இல்லை. சமையற்காரர் விறகெடுக்கக் கொல்லைப்புறம் போன நேரத்தில், அந்தக் குழம்பைத் தாங்கமுடியாத கசப்பாக்கினார். விஷம் எதுவும் இல்லை, வெறும் கசப்பு. அதன்பிறகு அவர் கவலையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்: தளபதி வழிபாட்டை முடித்துவிட்டு எப்போது சாப்பிட உட்காருவார்? பகடையை உருட்டினோம், 40 நிமிடம் என்று முடிவாயிற்று. முதல் வாய் வைத்த தளபதி துப்பிவிட்டு "விஷம்!" என்று கத்தினார். கோட்டையில் யாரும் எதையும் உண்ணக்கூடாது, எல்லாக் காவலர்களும் உடனே முற்றத்தில் வந்து நிற்கவேண்டும் என்று ஆணை பறந்தது. சிறைவாசலில் நின்றவர்களும் முற்றத்துக்கு ஓடினார்கள். நான் திட்டமிட்டு வைத்திருந்த இரண்டு சண்டைகள் நடக்கவே இல்லை. அந்த மாலையை எங்கள் ஆட்டக்காரர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

இந்தத் தந்திரம் ஏன் செல்லுபடியாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. தூரம், அளவு, காலம் ஆகிய மூன்றையும் நூல் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. சுவையை எதற்காக மாற்றவேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வரம்புகள் தெளிவாக இருந்ததால்தான் ஆட்டக்காரரால் பானையின் அளவைக் கேட்க முடிந்தது, மணிக்கணக்கைப் பார்த்துப் பதற முடிந்தது. வரம்பு தெளிவாகவும் நோக்கம் திறந்தும் இருப்பதே நல்ல மந்திர எழுத்து என்பேன். புதிய பதிப்பு இதில் பழையதைக் கெடுக்கவில்லை.

அன்சீன் சர்வென்ட் மந்திரமும் அதே வகை. கண்ணுக்குத் தெரியாத, வலிமையே இல்லாத ஒரு பணியாள் ஒரு மணி நேரம் கூட இருப்பான். அவனால் யாரையும் தாக்க முடியாது, போட்டவரிடமிருந்து 60 அடிக்கு மேல் விலகவும் முடியாது. அவன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து இருண்ட கூடத்தின் மறுபக்கம் நடக்கவிட்டால், வில்லாளிகளின் அம்புகள் எல்லாம் அந்த வெளிச்சத்தை நோக்கிப் போகும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டுச் சடங்காகப் போட்டால் ஸ்லாட் தேவையில்லை என்பது முன்பே இருந்த விதி. மந்திரத்தைத் தயாராக வைத்திருக்கும் எவரும் அப்படிச் சடங்காகப் போடலாம் என்று இந்தப் பதிப்பு கதவை இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. இது நல்ல மாற்றம். மைனர் இல்யூஷன் தரும் ஐந்தடிக் கனசதுர மாயத்தோற்றத்துக்குள், ஒரு மரப்பெட்டி போலத் தோன்றவைத்து, அதனுள்ளேயே ஒளிந்துகொள்வதைப் புதியவர்கள்கூட முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரோப் டிரிக் மந்திரத்தில் கயிறு தானாக மேலே எழுந்து நிற்கும், அதில் ஏறினால் எட்டுப் பேர் மறைந்திருக்க ஓர் அறை கிடைக்கும். நம் ஊர்க் கயிற்று வித்தைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கையில் தனி மகிழ்ச்சி.

அடுத்தது தெளிவு பற்றிய கேள்வி. இதற்கு முந்தைய 2014 பதிப்பில் கிரீஸ் மந்திரம் பத்தடிச் சதுரத்துக்கு வழவழப்பான கொழுப்பைப் பரப்பும் என்று மட்டுமே இருந்தது. கொழுப்பென்றால் தீப்பிடிக்குமே என்று ஒரு தரப்பும், நூலில் அப்படி இல்லையே என்று மறுதரப்பும் பத்தாண்டுகள் வாதாடின. புதிய பதிப்பு "எரியாத" என்ற ஒற்றை அடைமொழியைச் சேர்த்து வழக்கை முடித்துவிட்டது. கற்பனைக்குத் தடை போட்டதாக இதைச் சிலர் வருந்துகிறார்கள். நான் வருந்தவில்லை. முதல் நிலை மந்திரம் ஒன்று இலவசமாகத் தீக்குண்டமும் ஆகிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் வேறு எதையும் யோசிக்கமாட்டார்கள். எரியவேண்டியது எரியட்டும் என்றால் இரண்டாம் நிலையில் வெப் இருக்கிறது: 20 அடிக் கனசதுரத்தை நிரப்பும் அந்த வலை தீப்பற்றும் என்று நூலே சொல்லி, எவ்வளவு சுடும் என்ற கணக்கையும் தந்துவிடுகிறது. எதிரியின் நுரையீரலுக்குள் தண்ணீரை வரவழைத்துக் கொல்வேன் என்று கிளம்புபவர்களுக்கும் இதே பதில்தான். கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் தரும் பத்து கேலன், அதாவது 38 லிட்டர் அளவிலான தண்ணீர், திறந்த பாத்திரத்தில்தான் தோன்றும். ஒருவரின் நெஞ்சுக்கூடு திறந்த பாத்திரம் ஆகாது. அதே தண்ணீரை 30 அடிப் பரப்பில் மழையாகப் பொழியச்செய்து எதிரிகளின் பந்தங்களை ஒரே நேரத்தில் அணைத்தார் எங்கள் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்). அதுவும் நூலின் சொல்லுக்குள்ளேயே கிடைத்த வழி.

பழைய பதிப்புகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு சற்றே மங்கலாகத் தெரியலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஃபயர்பால் ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும். சுவர்கள் தடுத்தால் தீ அந்த இடத்தின் வடிவத்துக்கேற்ப வழிந்தோடும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட நடைபாதையில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: மொத்தம் 330 அடி நீளத்துக்குத் தீ பாய்ந்து, போட்டவரையும் சேர்த்தே சுட்டுவிடும். தங்கமும் வெள்ளியும் உருகிப்போகும்; மின்னல் மந்திரம் சுவரில் மோதித் திரும்பி வரும். அன்றைய ஆட்டக்காரர் மந்திரம் போடுமுன் மனக்கணக்குப் போடவேண்டியிருந்தது. இன்றைய ஃபயர்பால் 20 அடி ஆரமுள்ள தீக்கோளம், சேதத்துக்கு எட்டுப் பகடை. ஆட்டம் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறது. வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்ந்த உருண்டைதான் அதற்கான பொருள் என்ற குறிப்பு மட்டும் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. வெடிமருந்தின் நினைவை அந்த ஒரு வரிக்குள் ஒளித்துவைத்தவரின் குறும்பு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இனி என் பெருங்குறைக்கு வருகிறேன். கமாண்ட் என்ற முதல் நிலை மந்திரத்தில், எதிரியை நோக்கி ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அவர் தப்பிக்கும் பகடையில் தோற்றால் தன்னுடைய அடுத்த முறையில் அதற்குக் கீழ்ப்படிவார். 2014 பதிப்பு வா, போடு, ஓடு, விழு, நில் என்ற பொருளில் ஐந்து கட்டளைகளை எடுத்துக்காட்டாகத் தந்துவிட்டு, வேறு கட்டளையும் இடலாம், அப்போது என்ன நடக்கும் என்பதை டி.எம். முடிவு செய்வார் என்று சொல்லியிருந்தது. புதிய பதிப்பில் அந்த ஐந்து மட்டுமே. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று கூறி நூல் நிறுத்திக்கொள்கிறது. நீக்கப்பட்ட அந்த ஒரு வரியில்தான் இந்த மந்திரத்தின் மொத்த அழகும் இருந்தது.

தமிழில் ஆடுபவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூர்மையாக உறைக்கும். எங்கள் ஆட்டத்தில், ஆளுநரின் ஆவண அறையில் ஒரு கணக்கர் பேரேட்டை விரித்துவைத்துக்கொண்டு, அப்படி ஒரு கைதியே இங்கு இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். கிளெரிக்காக ஆடும் தங்கை சற்று யோசித்துவிட்டு, அவரைப் பார்த்து "வாசி" என்றார். பகடை கணக்கருக்கு எதிராக விழுந்தது. அப்போது மேசையில் இருந்த மற்றொருவர், "அண்ணா, வாசி என்றால் மனதுக்குள்ளேயே வாசிக்கலாமே; பக்கத்தில் புல்லாங்குழல் இருந்தால் அதையும் வாசிக்கலாமே" என்று எழுப்பிய ஐயம் நியாயமானது. "படி" என்று சொல்லியிருந்தாலும் சிக்கல்தான். அறையில் புல்லாங்குழல் இல்லை. விரல் பேரேட்டின் மேல் இருந்தது. கட்டளை காதில் விழும்படி சொல்லப்பட்டது. ஆகவே உரக்க வாசிக்கிறார் என்று தீர்ப்பளித்தேன். ஒரு சுற்று என்பது ஆட்டக் கணக்கில் ஆறு விநாடி. ஆறு விநாடிக்குள் எத்தனை பெயரை வாசிக்க முடியும் என்று நாங்களே வாய்விட்டு வாசித்து, கடிகாரம் பார்த்தோம். மூன்று பெயர் வந்தது. மூன்றாவது பெயரைக் கேட்டதும் மேசையே எழுந்து நின்றுவிட்டது. புதிய நூலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தால், அந்தக் கணக்கர் விழுந்திருப்பார், அல்லது ஓடியிருப்பார். கைதி எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

டி.எம். ஆக அமர்பவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பளிப்பது சுமை என்பதை நான் அறிவேன். தமிழில் வினையோடு வினை சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுவதால் சுமை இரட்டிப்பாகிறது. "ஓடிப்போய்விடு" ஒரே சொல்லா? "கொடுத்துவிட்டுப்போ" என்பதைச் சேர்த்து எழுதிக் காட்டினால் ஏற்பதா? புணர்ச்சி விதிகளை அவிழ்த்துவிட்டால் ஒரு பாட்டையே ஒரு சொல் என்று வாதிடலாம். ஒரே ஒரு செயலைச் சொல்லும் வினை மட்டும் செல்லும் என்று நாங்கள் பேசி முடிவு செய்துகொண்டோம். "திறந்துவிடு" செல்லும், "கொடுத்துவிட்டுப்போ" செல்லாது. இந்தப் பேச்சுவார்த்தையே எங்களுக்கு ஆட்டத்தின் இன்பங்களில் ஒன்றாக இருந்தது. நூல் அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சஜெஷன் மந்திரத்தில் இதற்கு நேர்மாறான அனுபவம். எதிரியின் மனத்தில் ஒரு யோசனையை விதைக்கும் இந்த இரண்டாம் நிலை மந்திரத்துக்கு முன்பெல்லாம் "ஒன்றிரண்டு வாக்கியம்" என்பதே வரம்பு; இப்போது 25 சொற்களுக்கு மிகக்கூடாது என்று எண்ணாகவே சொல்லிவிட்டார்கள். யோசனை நியாயமாகத் தோன்றவேண்டும் என்ற பழைய, வழுக்கலான நிபந்தனைக்குப் பதிலாக, செய்யக்கூடியதாகத் தோன்றவேண்டும், வெளிப்படையாகத் தீங்கு விளைவிப்பதாக இருக்கக்கூடாது என்று திருத்தியிருக்கிறார்கள். வரம்பு தெளிவு, நோக்கம் திறந்தது என்று முன்பே சொன்னேனே, அதற்கு இது சிறந்த சான்று. ஒரே இடர்ப்பாடு, அந்த எண்ணிக்கை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. "கோட்டைக்குள் தீப்பிடித்திருப்பதால் காவலர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று எங்கள் பார்டு (பாணர் பாத்திரம்) தாளில் எழுதி நீட்டினார். எண்ணிப் பார்த்தால் ஒன்பதே சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்ல இருபதுக்கு மேல் ஆகிறது. 25 சொல் கிடைத்தால் தமிழில் ஒரு முழுச் சதித்திட்டத்தையே ஒப்புவித்துவிடலாம் என்பதால், எங்கள் மேசையில் 12 சொல் என்று குறைத்துக்கொண்டோம். தமிழில் ஆட விரும்பும் மற்றவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். எண்ணி எண்ணிச் சொல்லைச் செதுக்கும்போது யோசனையும் கூர்மையாகிறது.

விலங்குகளை வரவழைக்கும் கான்ஜுர் அனிமல்ஸ் மந்திரத்திலும் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு எட்டு ஓநாய்கள்வரை உண்மையாகவே வந்து நிற்கும். அவற்றின் மீது மூட்டையை ஏற்றலாம், ஆற்றைக் கடக்கவைக்கலாம். இப்போது வருவது தொட்டுணர முடியாத ஆவி வடிவக் கூட்டம். கற்பனைக்கு இது இழப்புதான். ஆயினும் எட்டு விலங்குகளும் தனித்தனியாகப் பகடை உருட்டும்வரை மற்ற நான்கு பேரும் தேநீர் ஆறிப்போகக் காத்திருந்த மாலைகளை மறக்க முடியவில்லை. இந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

நூலின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: மந்திரங்கள் எல்லாம் ஆங்கில அகரவரிசையில் ஒரே அத்தியாயத்தில் உள்ளன, எந்தக் கிளாஸுக்கு எது கிடைக்கும் என்ற அட்டவணைகள் அந்தந்தக் கிளாஸின் பகுதிக்கே நகர்ந்துவிட்டன. ஒவ்வொரு மந்திரத்தின் தலைப்பின் கீழும் அதைப் போடக்கூடிய கிளாஸ்களின் பெயரும் இருப்பதால் தேடும் வேலை குறைந்திருக்கிறது. விதிச்சொற்களின் விளக்கங்களைப் பின்னிணைப்பில் தொகுத்திருப்பதால், ஒரு மந்திரத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள இரண்டு இடங்களில் விரலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் மாதத்தில் இது எரிச்சலூட்டும், பிறகு பழகிவிடும்.

கற்பனையான பயன்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு, அதே ஆண்டு நவம்பரில் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட் ஓரளவு துணை செய்கிறது. விதிகள் இயற்பியல் அல்ல. அவை நல்லெண்ணத்தோடு படிக்கப்படவேண்டியவை என்று அந்நூல் நேராகவே சொல்கிறது. ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி ஒரே சுற்றில் ஓர் ஈட்டியைக் கைமாற்றி, அதற்குப் பீரங்கியின் வேகம் வந்துவிட்டது என்று வாதிடுவது விதியின் ஓட்டையைப் பிடிப்பது. கசந்த குழம்பு கதைக்குள் இருக்கும் மனிதர்களைப் புரிந்துகொண்டதன் விளைவு. இந்த வேறுபாட்டை பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருக்கலாம். அந்த அறிவுரை தேவைப்படுவது டி.எம்.முக்கு மட்டுமல்ல.

மந்திரத்தில் கற்பனைக்கே முதலிடம் வேண்டும் என்பவர்கள் வேறொரு விளையாட்டையும் பார்க்கவேண்டும். 1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மாஜிகாவில் ஐந்து வினைகளும் பத்துப் பெயர்களும் உண்டு. உருவாக்கு, அறி, மாற்று, அழி, ஆள் என்ற ஐந்தில் ஒன்றை நெருப்பு, நீர், மனம் போன்ற பத்தில் ஒன்றோடு சேர்த்து, நின்ற இடத்திலேயே புதிய மந்திரத்தைக் கட்டிக்கொள்ளலாம். பெயரும் வினையும் சேர்ந்து பொருள் பிறக்கும் அந்த முறை இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் அதற்கு அனுபவமுள்ள குழு தேவை. புதியவர்கள் ஐந்து பேரை அமரவைத்து அன்றே ஆடத் தொடங்க, 391 ஆயத்த மந்திரங்களோடு வரும் இந்த நூலே மேல்.

நூலின் விலை அமெரிக்காவில் 49.99 டாலர், நம் கைக்கு வரும்போது அது சிறிய தொகை அல்ல. ஆகவே ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பிரதி போதும் என்பதே என் கருத்து. 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் இலவசமாக வெளியிடப்பட்ட எஸ்.ஆர்.டி. 5.2 என்ற விதித்தொகுப்பு ஆவணத்தில் மந்திரங்களின் பெரும்பகுதி இருக்கிறது. நான் மேலே விவரித்த கமாண்ட், சஜெஷன், பிரெஸ்டிடிஜிடேஷன் மூன்றும் அதில் உண்டு. அதன் உரிமம் மொழிபெயர்க்கவும் இடம் தருவதால், எங்கள் மேசைக்கு வேண்டிய நாற்பது மந்திரங்களைத் தமிழில் எழுதி அட்டைகளாக்கிவிட்டோம். 2014 நூலை வைத்திருப்பவர்கள் அதைப் பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கமாண்டின் பழைய வடிவத்துக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் புதிய பிரதியில் கமாண்ட் இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவைத்திருக்கிறோம். மேசை ஏற்றுக்கொண்ட சொற்களை ஒவ்வொன்றாக அதில் எழுதிவருகிறோம்: திற, வாசி, பாடு, உறங்கு, மன்னி, சிரி. போன ஞாயிற்றுக்கிழமை "மற" என்ற சொல்லுக்காக முக்கால் மணி நேரம் வாதாடினோம். அதற்கு நேராக இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது.